முதலில் சுண்ணாம்பு, பிறகு பாக்டீரியா: செராடோவில் சோயா

[காட்சி: செம்மண் சமவெளி, முறுகிய குட்டை மரங்கள்]

பிரேசிலின் நடுவே பரந்து கிடக்கும் இந்தச் சமவெளி செராடோ. சுமார் 20 கோடி எக்டேர். நல்ல மழை, சமமான நிலம். ஆனாலும் 1970கள் வரை பெரும்பகுதி மேய்ச்சல் நிலமாகவே கிடந்தது. காரணம், மண்ணின் அமிலத்தன்மை.

[காட்சி: குட்டையாகத் தடித்த சோயா வேர்]

கார அமில நிலை (pH) 5-க்குக் கீழே இறங்கினால் மண்ணிலுள்ள அலுமினியம் கரைந்து வேர் நுனியைத் தாக்கும். வேர் ஆழம் போகாது. மழைக்காலத்தின் நடுவே சில வாரங்கள் மழை ஓய்வதை அங்கே ‘வெரானிகோ’ என்பார்கள். அந்த நாள்களில் கீழ்மண்ணில் ஈரம் இருந்தும் செடி வாடிவிடும்.

சுண்ணாம்புக்கல் தூள் அமிலத்தை முறிக்கிறது. அலுமினியம் கரையாத நிலைக்குத் திரும்புகிறது. மக்னீசியம் கலந்த சுண்ணாம்புக்கல்லான டோலமைட் தூளாக இருந்தால் மக்னீசியமும் கிடைக்கும். சுண்ணாம்புத் தூள் மெதுவாகவே வேலை செய்யும். அதனால் விதைப்புக்கு இரண்டு, மூன்று மாதம் முன்பே தூவி உழுதுவிட வேண்டும். அளவை மண் பரிசோதனைதான் சொல்ல வேண்டும். கார அமில நிலை 5.5 முதல் 6 வரை வந்தால் போதும். அதிகம் கொட்டினால் துத்தநாகமும் மாங்கனீசும் பயிருக்கு எட்டாமல் போகும்.

[காட்சி: வேர் முடிச்சுகள்]

இனி பாக்டீரியா. ஒரு டன் சோயா விளைய ஏறத்தாழ 80 கிலோ தழைச்சத்து (நைட்ரஜன்) வேண்டும். அதை யூரியாவாக வாங்கினால் சிறு விவசாயிக்குக் கட்டுப்படியாகாது. அதைக் காற்றிலிருந்தே எடுத்து, வேர் முடிச்சுகளுக்குள் இருந்தபடி செடிக்குத் தருவது பிராடிரைசோபியம் என்ற பாக்டீரியா. சோயா கிழக்காசியப் பயிர். அதன் கூட்டாளி பாக்டீரியா செராடோ மண்ணில் இல்லை. எனவே விதையோடு சேர்த்தே கொடுக்க வேண்டியிருந்தது. உரத்தை நம்பாமல் இந்தப் பாக்டீரியாவை நம்பலாம் என்று விடாப்பிடியாக வாதாடியவர் பிரேசில் மண் விஞ்ஞானி ஜோஹன்னா டோபரைனர். அந்தப் பணியைத் தொடர்ந்த, பிரேசில் அரசின் வேளாண் ஆராய்ச்சி நிறுவனமான எம்பிராபாவின் விஞ்ஞானி மரியாஞ்சலா ஹங்ரியாவுக்கு 2025-இல் உலக உணவுப் பரிசு கிடைத்தது. அதற்கு முழுத் தகுதி உடையவர் அவர்.

சுண்ணாம்பு இடாத புளித்த மண்ணில் இந்தப் பாக்டீரியாவைப் போடுவது பெரும்பாலும் வீண். அமிலத்தில் அது பெருகாது; கால்சியம் குறைந்தால் வேரில் முடிச்சு உருவாவதும் தடைப்படும். தழைச்சத்தைப் பிடிக்கும் நொதிக்குத் தேவையான மாலிப்டினத்தையும் அமில மண் இறுக்கிப் பிடித்துக்கொள்கிறது. சுண்ணாம்பு இவை மூன்றையும் ஒருசேரச் சரிசெய்கிறது.

[காட்சி: நிழலில் விதை நேர்த்தி]

விதையில் பாக்டீரியாவை நிழலில் கலந்து, அன்றே விதையுங்கள். யூரியாவை நிறைய இட்டால் செடி முடிச்சு போடாது. விதைத்து 35, 40 நாளில் ஒரு செடியை மண்ணோடு தோண்டி, முடிச்சை நறுக்கிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் தழைச்சத்து சேர்கிறது. முடிச்சே இல்லையென்றாலோ, உள்ளே வெளிறியிருந்தாலோ, அடுத்த பருவத்துக்கு முன் மண்ணை மறுபடி சோதியுங்கள்.