கைவேலை வீடா, கேட்டலாக் வீடா? பாசடீனாவுல ஒரு நடை

வணக்கம் மக்களே! இன்னைக்கு கலிஃபோர்னியா, பாசடீனாவுல இருக்கேன். இந்த ஏரியா பேரே பங்களா ஹெவன். தெருவுக்குத் தெரு 'கிராஃப்ட்ஸ்மேன்'ங்கிற ஸ்டைல்ல கட்டின பழைய வீடுங்கதான்.

இந்த வீட்டைப் பாருங்க. கூரை சரிவு கம்மி, ஆனா சுவரைத் தாண்டி நல்லா வெளிய நீட்டியிருக்காங்க. கீழருந்து காட்டறேன்... கைமரத்தோட நுனி எல்லாம் பலகை அடிச்சு மூடாம அப்படியே தெரியுதா? அதான் முதல் அடையாளம். அடுத்து வராண்டா. கீழ பருமனான கல்மேடை, அதுமேல போகப்போக ஒடுங்குற தூண். ஜன்னல்ல மேல்பாதி சின்னச் சின்னக் கண்ணாடி, கீழ்பாதி ஒரே கண்ணாடி.

அதுக்கு முன்னாடி 19ம் நூற்றாண்டுல இருந்த விக்டோரியன் ஸ்டைல் வீட்டுல மெஷின்ல கடைஞ்ச அலங்காரத்தை அள்ளி ஒட்டுவாங்க. அது பிடிக்காமத்தான் இந்த ஸ்டைலே வந்துச்சு. நியூயார்க் மாநிலத்துல நாற்காலி, மேஜை செஞ்சுட்டிருந்த கஸ்டவ் ஸ்டிக்லி 1901ல 'தி கிராஃப்ட்ஸ்மேன்'னு பத்திரிகை ஆரம்பிச்சார். பேரு அதுலேருந்து வந்ததுதான். மரம் மரமாத் தெரியணும், எது எதைத் தாங்குதுன்னு கண்ணுக்குத் தெரியணும், அதான் கொள்கை.

ஆனா இப்ப அந்தக் கூரைக்கு அடியில இருக்கிற முக்கோணத் தாங்குகட்டையைப் பாருங்க. நிறைய வீட்டுல அது எதையும் தாங்குறதில்ல, சும்மா அழகுக்கு! உள்ள கூரையில ஓடுற தடிமனான ஓக் உத்தரமும் பாதி இடத்துல மூணு பலகையைச் சேர்த்தடிச்ச வெறும் பொட்டிதான்.

இன்னொரு கூத்து. 1908ல, தபால் ஆர்டர்ல பொருள் வித்துட்டிருந்த சியர்ஸ் கம்பெனி வீட்டையே கேட்டலாக்ல விக்க ஆரம்பிச்சாங்க. மரம், ஆணி, பெயிண்ட் எல்லாம் ரயில்ல வரும். கைவேலையைக் கொண்டாடுற ஸ்டைல் பார்சல்ல போச்சு! எனக்கு இதுல கோபம் இல்ல. சம்பளக்காரங்களுக்கும் நல்ல வீடு கிடைச்சுச்சுல்ல.

அதே 1908ல, இதே ஊர்ல, கிரீன் சகோதரர்கள்ங்கிற ஆர்க்கிடெக்ட்ஸ் கேம்பிள் குடும்பத்துக்கு டிசைன் பண்ணின வீடு வேற லெவல். தேக்கு மாடிப்படியில ஒவ்வொரு இணைப்பையும் வெளிய தெரியவிட்டு, முனையெல்லாம் மழமழன்னு இழைச்சிருக்காங்க. அங்கயும் வெளிய நீட்டின கைமர நுனி வெயில்லயும் மழையிலயும் உளுத்துப்போய், இந்த நூற்றாண்டு ஆரம்பத்துல ரிப்பேர் பண்ண வேண்டியதாச்சு.

அதனால இந்த மாதிரி வீடு வாங்க நினைக்கிறவங்க, ஹால்ல மயங்கறதுக்கு முன்னாடி ஏணி போட்டு ஏறி, அந்த நுனியை ஸ்க்ரூடிரைவரால குத்திப் பாருங்க. பொதபொதன்னு உள்ள போச்சுன்னா, அங்கயே விலை பேச ஆரம்பிச்சிடுங்க.