பழைய கட்டடம், புதிய உத்தியோகம்

நேயர்களுக்கு வணக்கம்.

கோட்டையில் ஜனாதிபதி மாவத்தையும் சதாம் வீதியும் சந்திக்கும் இடத்தில் நிற்கும் மணிக்கூட்டுக் கோபுரத்தைத் தெரியாத கொழும்புவாசி இருக்க மாட்டார். அது ஒரு காலத்தில் வெளிச்சவீடாகவும் இருந்தது என்றால் பலர் நம்ப மறுக்கிறார்கள். நடுத்தெருவில், கடல் கண்ணுக்கே படாத இடத்தில் வெளிச்சவீடா? நியாயமான கேள்விதான். ஆனால் 1857இல் அது எழுந்தபோது சுற்றிலும் இவ்வளவு உயரமான கட்டடங்கள் இல்லை. நேரம் காட்டக் கட்டிய கோபுரத்தின் உச்சியில் 1867இல் விளக்கை ஏற்றினார்கள். ஊருக்கு மணியும் கப்பலுக்கு வழியும் ஒரே இடத்திலிருந்து கிடைத்தன. பிறகு கோட்டை வளர்ந்தது. மாடிக்கு மேல் மாடி எழுந்து வெளிச்சத்தை மறைத்தது. 1952இல் விளக்கை அணைத்துவிட்டுக் கடலோரத்தில் வேறொரு வெளிச்சவீட்டைக் கட்டினார்கள். கோபுரத்துக்கு மணி காட்டும் பழைய உத்தியோகம் மட்டும் மிஞ்சியது.

இதை வடிவமைத்தவர் எமிலி எலிசபெத் வார்ட், தேசாதிபதி சேர் ஹென்றி வார்டின் மனைவி. கணவர் காலிமுகத்திடலில் உலாவும் பாதை அமைத்து, 1859இல் ஒரு கல்லும் நாட்டினார். கொழும்பின் பெண்கள், பிள்ளைகளின் நலன் கருதி இதைப் பேணுமாறு தமக்குப் பின் வருபவர்களைக் கேட்டுக்கொள்ளும் கல் அது. பெண்கள் காற்று வாங்கக் கணவர் வழி செய்தார். மனைவியோ கோபுரமே வரைந்துவிட்டார். எனக்கென்னவோ இரண்டாவதுதான் பெரிய காரியமாகப் படுகிறது.

அந்தத் திடலும் பல வேலை பார்த்த நிலமே. பீரங்கிக் குண்டுக்குக் குறுக்கே எதுவும் நிற்கக் கூடாதென்று ஒல்லாந்தர் அதை வெட்டவெளியாக வைத்திருந்தார்கள். ஆங்கிலேயர் குதிரை ஓட்டினார்கள். 2022இல் இளைஞர்கள் கூடாரம் அடித்து, ஜனாதிபதியை வீட்டுக்குப் போகச் சொன்னார்கள்.

கூடாரங்களுக்குப் பக்கத்தில் தூண் வரிசையோடு நின்ற ஜனாதிபதி செயலகம், 1930 ஜனவரியில் சட்டசபைக்காகத் திறந்த மண்டபம். 1982 வரை பாராளுமன்றம் அங்கேதான் கூடியது. சபை கோட்டேக்குப் போய்விட்டது. வளவில் நிற்கும் பொன்னம்பலம் அருணாசலம், இராமநாதன் சகோதரர்களின் சிலைகள் போகவில்லை. சற்றுத் தள்ளி, 1681இலேயே இருந்த ஒல்லாந்தர் வைத்தியசாலையில் 2011 முதல் உணவகங்களும் கடைகளும் இயங்குகின்றன. நோயாளிகள் படுத்த விறாந்தையில் நண்டு பரிமாறுகிறார்கள் என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. பூட்டிக் கிடந்து இடிந்து விழுவதைவிட அது மேல் என்பேன்.

தாமரைக் கோபுரத்தைப் பாருங்கள். சுமார் 350 மீற்றர் உயரம். ஒலி, ஒளிபரப்புக்கென்று திட்டமிட்டது. 2022இல் பொதுமக்களுக்குத் திறந்தபின் டிக்கெட் எடுத்து மேலேறிப் படம் பிடிக்கும் இடமாகவே ஊருக்கு அறிமுகமாகியிருக்கிறது. வானொலியில் பேச வந்தவனுக்கு இதில் சிறிது வருத்தம்தான்.

வேலை மாறாதவையும் உண்டு. கொச்சிக்கடைப் பொன்னம்பலவாணேசர் கோயிலை இராமநாதன் 1907 முதல் 1912 வரை கருங்கல்லில் திருப்பிக் கட்டுவித்தார். தந்தை பொன்னம்பல முதலியார் தொடக்கிய பூசை இன்றும் அங்கே நடக்கிறது.

தேசிய நூதனசாலையும் அப்படியே. 1877இல் தேசாதிபதி கிரெகரி திறந்தது. கட்டடக் கலைஞர் ஸ்மிதர் வரைந்த படத்தைக் கட்டடமாக்கியவர் வாப்பிச்சி மரிக்கார். என்ன சன்மானம் வேண்டும் என்று கேட்டதற்கு, வெள்ளிக்கிழமைகளில் மூடினால் போதும் என்றாராம். கதைதான், ஆனால் கட்டியவரின் பெயரை மக்கள் நினைவில் வைத்திருக்க அதுவே உதவியது.

அந்தக் கட்டடத்துக்குள் ஒரு கல்வெட்டு இருக்கிறது. சீனக் கடற்படைத் தளபதி செங் ஹோவின் பயணத்தோடு வந்தது. அதில் உள்ள ஆண்டு 1409. புத்தருக்குச் சீனத்திலும், தெய்வேந்திரமுனையில் குடிகொண்ட விஷ்ணுவாகிய தேனாவரை நாயனாருக்குத் தமிழிலும், அல்லாஹ்வுக்குப் பாரசீகத்திலும் காணிக்கைகளை வரிசையாகப் பொறித்திருக்கிறார்கள். பொன், வெள்ளி, பட்டு, எண்ணெய் என்று கடைக் கணக்கப்பிள்ளை எழுதியதுபோல் நீளும் பட்டியல். 1911இல் காலி நகரில் ஒரு பொறியியலாளர் அதைக் கண்டபோது அது மதகொன்றின் மூடுகல்லாகக் கிடந்தது. மூன்று மொழியில் மூன்று தெய்வங்களைப் போற்றிய கல்லுக்கு அந்த ஊரில் கிடைத்த உத்தியோகம் அது. நூதனசாலைக்குப் போகிறவர்கள் கண்டி அரசரின் சிம்மாசனத்தைத் தேடி ஓடுமுன் அதன் தமிழ்ப் பகுதிக்கு எதிரே சிறிது நேரம் நில்லுங்கள்.

நன்றி, வணக்கம்.