யாருக்கோ வைத்த குண்டு

நடுவர் அவர்களே, இரு அணிப் பேச்சாளர்களே, அவையோரே, வணக்கம். நேரம் குறைவு, நேரே விஷயத்துக்கு வருகிறேன். "அறிவியல் புனைகதையிலும் மாயக்கதையிலும் பால்புதுமையினர் இடம்பெறுவது கதையின் தேவையா, காலத்தின் மோகமா?" இதுதான் தலைப்பு. பால்புதுமையினர் என்றால் தன்பாலினரை நேசிப்பவர்கள், ஆண் பெண் என்ற வழக்கமான வரையறைக்குள் அடங்காதவர்கள். தேவையே என்று பேச வந்திருக்கிறேன்.

வரிசையாகக் காரணம் சொல்லத்தான் தயாராக வந்தேன். ஆனால் எனக்கு முன்னால் பேசிய எதிரணி அண்ணன் ஒன்று சொன்னார், நீங்களும் பலமாகக் கைதட்டினீர்கள். "ராக்கெட் கிளம்ப எரிபொருள் வேண்டும். உள்ளே உட்கார்ந்திருப்பவன் யாரைக் காதலிக்கிறான் என்பதா வேண்டும்? செவ்வாய்க்குப் போனாலும் இவர்கள் விடமாட்டார்களா?" என்று கேட்டார். அதற்குப் பதில் சொல்லாமல் நான் நகர மாட்டேன்.

அண்ணே, இவர்கள் ராக்கெட்டில் ஏறியது எப்போது தெரியுமா? 1953. தியடோர் ஸ்டர்ஜன் எழுதிய 'தி வேர்ல்ட் வெல் லாஸ்ட்' என்ற சிறுகதை. வேற்றுக்கிரகத்திலிருந்து ஒரு காதல் ஜோடி பூமிக்கு வருகிறது. பூமியே அவர்கள்மீது பித்துப் பிடித்துக் கிடக்கிறது. அவர்களுடைய கிரகமோ, அவர்கள் குற்றவாளிகள், திருப்பி அனுப்புங்கள் என்கிறது. இரண்டே ஊழியர்கள் கொண்ட விண்கலத்தில் ஏற்றி அனுப்புகிறார்கள். வழியில்தான் உண்மை தெரிகிறது: அந்த இருவருமே ஆண்கள். அவர்கள் செய்த ஒரே குற்றம் அதுதான். விண்கலத்தில் வேலை செய்யும் பெரிய உருவம் கொண்ட ஒருவன் அவர்களைத் தப்பவிடுகிறான். ஏன் தப்பவிட்டான்? தன் தலைவனை அவன் மனதுக்குள் காதலிக்கிறான். வாய் திறந்து ஒருநாளும் சொன்னதில்லை, சொல்லப் போவதும் இல்லை. ஸ்புட்னிக் வானத்துக்குப் போனது 1957-இல். மனிதன் செய்த முதல் செயற்கைக்கோள் கிளம்புவதற்கு நான்கு ஆண்டு முன்பே இவர்கள் கிளம்பிவிட்டார்கள் அண்ணே! நீங்கள்தான் இப்போது வந்து டிக்கெட் கேட்கிறீர்கள்.

இன்னொன்றும் கேட்கிறேன். விண்கலத்தில் நாயகனும் நாயகியும் கட்டிப்பிடித்து நிற்கும்போது யாராவது எரிபொருள் கணக்குக் கேட்டிருக்கிறோமா? அப்போது வராத கேள்வி இப்போது மட்டும் ஏன் வருகிறது?

சரி, ராக்கெட்டுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்றீர்களே, அதையும் பார்த்துவிடுவோம். 1967-இல் சாமுவேல் டெலனி 'ஐ, அண்ட் கொமோரா' என்று ஒரு கதை எழுதினார். விண்வெளியில் கதிர்வீச்சு இருக்கிறது. அது மனிதனின் இனப்பெருக்க உறுப்புகளைப் பாதிக்கும். அதனால் விண்வெளியில் வேலை செய்யப் போகிறவர்களை, பருவம் வருவதற்கு முன்பே பாலற்றவர்களாக மாற்றிவிடுகிறார்கள். அவர்கள் பூமிக்கு இறங்கி வரும்போது, அவர்கள்மீதே ஏக்கம் கொண்டு அலையும் மனிதர்களும் இருக்கிறார்கள். அறிவியல் புனைகதைக்கான நெபுலா விருது வாங்கிய கதை. ராக்கெட்டிலிருந்துதான் அந்தக் கதையே பிறக்கிறது. இரண்டையும் எப்படிப் பிரிப்பீர்கள்?

அடுத்து 1969. உர்சுலா லெ குவின் எழுதிய 'தி லெஃப்ட் ஹேண்ட் ஆஃப் டார்க்னஸ்'. கெத்தென் என்று ஒரு பனிக்கிரகம். அங்கே யாரும் நிரந்தரமாக ஆணும் இல்லை, பெண்ணும் இல்லை. மாதத்தில் சில நாள் மட்டும் உடல் ஏதோ ஒரு பக்கம் சாயும். ஒருவரே சில பிள்ளைகளுக்குத் தாய், வேறு சில பிள்ளைகளுக்குத் தந்தை. அந்த நாவலுக்கு ஹியூகோ, நெபுலா இரண்டு விருதும் கிடைத்தன. பால் பற்றிய அந்தக் கற்பனையை உருவிவிட்டுப் படித்துப் பாருங்கள், வெறும் பனிதான் மிஞ்சும்.

"இதெல்லாம் நேற்று வந்த மோகம்" என்று இன்னொரு அம்மா சொன்னார். மகாபாரதம் நேற்று வந்ததா அம்மா? உத்தியோக பருவத்தில் சிகண்டியின் கதை இருக்கிறது. பெண்ணாகப் பிறந்து, மகனாக வளர்க்கப்பட்டு, ஒரு பெண்ணை மணந்து, உண்மை வெளிப்பட்டதும் சாகத் துணிந்து காட்டுக்குப் போகிற சிகண்டி. அங்கே ஒரு யட்சன் தன் ஆண்மையைக் கொடுத்து அவள் பெண்மையை வாங்கிக்கொள்கிறான். இதைத் துரியோதனனுக்குச் சொல்வது யார்? பீஷ்மர்! இதைவிட ஒரு மாயக்கதையை இன்றைக்கு எவர் எழுதிவிடப் போகிறார்?

எதிரணி சொன்னதில் ஒன்றை நான் ஒப்புக்கொள்கிறேன். சில இடங்களில் ஒட்டவைத்ததுபோல்தான் இருக்கிறது. ஹாரி பாட்டர் ஏழாவது புத்தகம் 2007 ஜூலையில் வந்துவிட்டது. அதில் வரும் பள்ளித் தலைமை ஆசிரியர் டம்பிள்டோர் ஓர் ஆணைக் காதலித்தவர் என்று எழுத்தாளர் மேடையில் சொன்னது அக்டோபரில். 2019-இல் வந்த ஸ்டார் வார்ஸ் படத்தில் இரண்டு பெண்கள் முத்தமிடுவார்கள், கண் சிமிட்டினால் தவறிவிடும். சிங்கப்பூரில் அதையும் வெட்டினார்கள், கதைக்கு ஒன்றும் ஆகவில்லை. ஒன்றும் ஆகாத இடமாகப் பார்த்து வைத்தால் வெட்டத்தானே செய்வார்கள்? அது வைத்தவர்களின் பயம். அதற்காக இவர்களே வேண்டாம் என்பது என்ன நியாயம்?

இப்போது நான் சொல்லவந்த கதைக்கு வருகிறேன். கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

2002, மே மாதம். 'பஃபி த வேம்பயர் ஸ்லேயர்' என்ற தொலைக்காட்சித் தொடர். இரத்தக் காட்டேரிகள் உலவும் ஊர். அங்கே வில்லோ, டாரா என்று இரண்டு மந்திரக்காரிகள். காதலர்கள். பிரிந்திருந்து அப்போதுதான் மறுபடி சேர்ந்திருக்கிறார்கள். டாராவாக நடித்தவரின் பெயர் தொடக்கப் பெயர் வரிசையில் அன்றைக்குத்தான் முதல்முறையாக வருகிறது. பார்க்கிற ரசிகர்களுக்கு எவ்வளவு சந்தோஷம் இருந்திருக்கும்! கீழே ஒருவன் துப்பாக்கியோடு வருகிறான். கதாநாயகி பஃபியைச் சுடுகிறான். ஒரு குண்டு மேலே போய், மாடி ஜன்னலை உடைத்துக்கொண்டு டாராவைத் துளைக்கிறது. குறிவைக்கப்பட்ட பஃபி அடிபட்டும் பிழைத்துவிட்டார். குறியே வைக்கப்படாத டாரா செத்துப்போனார்.

அந்த உலகத்தில் செத்தவரை எழுப்பத் தெரியும். அந்தப் பஃபியே செத்து, வில்லோவின் மந்திரத்தால் எழுந்து வந்தவர்தான். ஆனால் டாராவுக்காக வில்லோ கதறியபோது, இது மனிதன் கையால் வந்த சாவு, மந்திரம் இங்கே செல்லாது என்று பதில் வருகிறது. டாராவாக நடித்தவரின் பெயர் தொடக்க வரிசையில் வந்தது அந்த ஒரே ஒரு நாள்தான்.

அப்புறம் 2016, மார்ச் மாதம். 'தி 100' என்று வேறொரு தொடர், வேறு எழுத்தாளர்கள். அணுப்போரில் அழிந்த பூமி. லெக்ஸா என்ற வீராங்கனை, பன்னிரண்டு குலங்களுக்குத் தலைவி. கிளார்க் என்ற பெண்ணும் லெக்ஸாவும் காதலர்கள். பகையும் துரோகமும் தாண்டி அன்றைக்குத்தான் முதல்முறையாக ஒன்றுசேர்கிறார்கள். சற்று நேரத்தில் லெக்ஸாவின் ஆலோசகரே கிளார்க்கைக் கொல்லத் துப்பாக்கி எடுக்கிறார். சுடுகிறார். கதவைத் திறந்துகொண்டு வந்த லெக்ஸாமேல் குண்டு பாய்கிறது.

நடுவர் அவர்களே, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அங்கேயும் பிரிந்தவர்கள் சேர்ந்த நாள், இங்கேயும் சேர்ந்த நாள். அங்கேயும் யாருக்கோ வைத்த குண்டு, இங்கேயும் யாருக்கோ வைத்த குண்டு. அங்கே மந்திரம் தெரிந்தவள், இங்கே வாள்போரில் வென்றவள். மந்திரமும் காக்கவில்லை, வாளும் காக்கவில்லை. பதினான்கு ஆண்டு இடைவெளி, இரண்டு வேறு உலகம், ஒரே குண்டு! ஆயிரம் விதமாகச் சாகடிக்கத் தெரிந்த கற்பனைக்கு, இவர்கள் என்று வந்தால் மட்டும் வேறு வழியே தெரியவில்லையே?

"கதை என்றால் சாவு இருக்காதா" என்று எதிரணி கேட்கும். இருக்கட்டும். ஆனால் அதைப் பார்த்த பால்புதுமைப் பிள்ளைகள் பலருக்குத் தங்களைப்போல ஒருத்தியைத் திரையில் காட்டியதே அந்த ஒரு கதைதான், அவளையும் அள்ளிக்கொண்டு போனால் அவர்கள் என்ன செய்வார்கள்? லெக்ஸா செத்ததும் ரசிகர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? கோபத்தில் திட்டினார்கள், அது உண்மை. கூடவே பணம் திரட்டினார்கள். தற்கொலை எண்ணத்தில் தவிக்கும் பால்புதுமை இளைஞர்களுக்கு உதவும் 'தி ட்ரெவர் ப்ராஜெக்ட்' அமைப்புக்குக் கொடுத்தார்கள். ஒரு கற்பனைப் பெண்ணின் சாவு எத்தனை நிஜப் பிள்ளைகளைத் தொட்டுவிட்டது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. தொடரை உருவாக்கியவரே வெளிப்படையாக வருத்தம் தெரிவித்தார்.

கடைசியாக ஒருவர். ஜார்ஜ் டேக்கே. 1966-இல் 'ஸ்டார் ட்ரெக்' தொடரில் சூலுவாக வந்து, விண்கலத்தை நட்சத்திரங்களுக்கு நடுவே ஓட்டியவர். எத்தனை பிள்ளைகள் அந்த நாற்காலியில் தாங்கள் உட்காருவதாகக் கனவு கண்டிருப்பார்கள்! ஆனால் தான் ஓர் ஆணை நேசிப்பவன் என்று அவர் வெளியே சொன்னது 2005-இல். அறுபத்தெட்டு வயதில்! அண்டத்தைச் சுற்றிவந்த மனிதர், தன் வாழ்க்கைத் துணை யார் என்று ஊருக்குச் சொல்ல அத்தனை காலம் காத்திருந்தார். 2008-இல் திருமணம் செய்துகொண்டார். 2016-இல் திரைப்படத்தில் சூலுவுக்கே ஒரு கணவரையும் ஒரு மகளையும் காட்டியபோது, பழைய பாத்திரத்தை மாற்ற வேண்டாம், புதிதாக ஒருவரைப் படையுங்கள் என்றார் டேக்கே. நானும் அதைத்தான் கேட்கிறேன்! புதிதாகப் படையுங்கள், பெயர் கொடுங்கள், கடைசிப் பக்கம்வரை உயிரோடு வையுங்கள்.

அண்ணே, உங்கள் ராக்கெட்டில் எனக்கு இடம் தராவிட்டாலும் பரவாயில்லை. தங்களைப்போல ஒருவர் எந்தக் கதையிலாவது பிழைத்திருக்கிறாரா என்று தேடிக்கொண்டிருக்கும் பிள்ளைகளை மட்டும் இறக்கிவிடாதீர்கள். மணி அடித்துவிட்டது. நடுவர் அவர்களே, தேவை என்றே தீர்ப்பு எழுதுங்கள். நன்றி, வணக்கம்.