"இது உங்களுக்கு எதற்கு?" என்று அலுவலர் கேட்கலாமா? (சந்தேகங்களுக்கு விளக்கம்)

வணக்கம். இந்த வாரம் வந்த கேள்விகளில் ஒன்று இரண்டு நாளாக மனதை விட்டுப் போகவில்லை. மட்டக்களப்பு, கொக்கட்டிச்சோலைப் பக்கமிருந்து ஒரு தங்கச்சி எழுதியிருக்கிறார். அவருடைய ஊர் உள்வீதிக்குக் கிரவல் போட்டார்கள். முதல் மாரி மழையோடு அது வயலுக்குள் போய்விட்டது. எவ்வளவு செலவு, எஸ்டிமேட்டில் என்ன இருந்தது என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பம் கொண்டு போயிருக்கிறார். வாங்கிய அலுவலர், "இது உங்களுக்கு எதற்கு? காரணத்தை எழுதித் தாருங்கள்" என்றாராம். "காரணம் சொல்லத்தான் வேண்டுமா அண்ணன்?" என்பது கேள்வி.

வேண்டாம். இலங்கையின் தகவல் அறியும் உரிமைச் சட்டம், அதாவது 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம், 24ஆம் பிரிவு. தகவல் கேட்பவர் காரணம் சொல்லத் தேவையில்லை என்று அதிலேயே எழுதியிருக்கிறது. நீங்கள் இந்த நாட்டுப் பிரஜை, அவ்வளவு போதும். எழுதத் தெரியாதவர் வாயால் சொன்னால், அலுவலர்தான் அதை எழுதிக்கொள்ள வேண்டும். விண்ணப்பம் கிடைத்தது என்று உடனே எழுத்தில் தரவும் வேண்டும். அந்தத் துண்டு கையில் இல்லாமல் வீட்டுக்கு வராதீர்கள் என்று முன்பும் சொல்லியிருக்கிறேன், திரும்பவும் சொல்கிறேன். தருவதா இல்லையா என்ற முடிவை 14 வேலை நாட்களுக்குள் சொல்லியாக வேண்டும். கேட்பவரின் உயிரோடும் சுதந்திரத்தோடும் சம்பந்தப்பட்ட தகவல் என்றால் 48 மணித்தியாலம்.

சரி, கேள்விக்குப் பதில் முடிந்தது. ஆனால் என் மனதை அரிப்பது வேறு. தங்கச்சி ஏன் விண்ணப்பம் எழுத வேண்டி வந்தது?

நம்முடைய கோயில்களை நினைத்துப் பாருங்கள். திருவிழா முடிந்து சனம் கூடியிருக்கும்போது கோயிலை நிர்வகிக்கிற வண்ணக்கர் எழுந்து கணக்கு வாசிப்பார். வரவு இவ்வளவு, பந்தலுக்கு இவ்வளவு, மேளத்துக்கு இவ்வளவு. யாரும் போய் அவரிடம் விண்ணப்பம் கொடுப்பதில்லை. ஊர்க் காசு, அதனால் ஊருக்குச் சொல்கிறார். வாசிக்காமல் விட்டால் அடுத்த வருடம் அவரை யார் நம்புவார்கள்?

அரச அலுவலகமும் ஊர்க் காசில்தான் நடக்கிறது. கேட்காமலே சொல்ல வேண்டியது என்று ஒன்று இருக்கிறது. இதை எத்தனை காணொளிகளில் சொல்லியிருப்பேனோ! பலர் இந்தச் சட்டத்தைக் கேட்டு வாங்குகிற சட்டம் என்று மட்டும் நினைக்கிறார்கள். 8, 9, 10ஆம் பிரிவுகளை வாசித்துப் பாருங்கள், கடமை முழுக்க அரசின் பக்கம்தான் இருக்கிறது. அமைச்சர் ஒருவரிடம் ஒப்படைத்த திட்டம், உள்நாட்டுக் காசில் 5 இலட்சம் ரூபாயைத் தாண்டினால், தொடங்குவதற்கு மூன்று மாதம் முன்பே பொதுமக்களுக்கும், அதனால் பாதிக்கப்படக்கூடியவர்களுக்கும் அந்த அமைச்சர் விபரம் சொல்ல வேண்டும். வெளிநாட்டுக் காசு என்றால் அந்த எல்லை ஒரு இலட்சம் அமெரிக்க டொலர். 5 இலட்சம் என்பது இன்றைக்கு ஒரு சின்ன வேலை. அப்படியென்றால் எத்தனை வேலைகளின் விபரம் முன்கூட்டியே நம் கைக்கு வந்திருக்க வேண்டும்!

என் அனுபவம் ஒன்றையும் சொல்கிறேன். சில வருடங்களுக்கு முன் எங்கள் ஊர்க் குளக்கட்டு வேலை பற்றி ஓர் அலுவலகத்தில் கேட்டேன். "பைல் கிடைக்கவில்லை" என்றார்கள். சரி, கிடைக்கவில்லை என்பதையே எழுதித் தாருங்கள் என்றேன். ஏனென்றால், சட்டம் வந்த பிறகு தொடங்கிய பதிவேடு ஒவ்வொன்றையும் குறைந்தது 12 வருடம் பாதுகாக்க வேண்டும், அது 7ஆம் பிரிவு. மூன்றாம் நாள் பைல் கிடைத்தது. உள்ளே பார்த்தால், கட்டுக்குப் புல் பதிக்க ஒரு தொகை போட்டிருந்தது. கட்டில் ஒரு பிடி புல் இல்லை. இத்தனைக்கும் அந்த அலுவலகத்துத் தம்பி எதையும் மறைக்கவில்லை. மாற்றலாகி வந்து இரண்டு மாதம்தான், எந்த அலுமாரியில் எது இருக்கிறது என்று அவருக்கு யாரும் காட்டவில்லை. பைல்கள் ஒழுங்காக இல்லாத இடத்தில் கேட்கிறவருக்கும் கஷ்டம், அங்கே வேலை செய்கிற நல்ல பிள்ளைக்கும் கஷ்டம். அன்றைக்கு எனக்கு வந்த கோபம் அந்தத் தம்பி மீது இல்லை.

அந்தப் புல்லுக்கான தொகையை முன்பே ஒரு பலகையில் எழுதிக் குளக்கட்டில் நட்டிருந்தால் என்ன நடந்திருக்கும்? மாடு மேய்க்கிற பெரியவரே கொந்தராத்துக்காரரை நிறுத்தி, "புல் எங்கே தம்பி?" என்று கேட்டிருப்பார். விண்ணப்பம், மேன்முறையீடு எதுவுமே தேவைப்பட்டிருக்காது. கேட்காமலே சொல்ல வேண்டியதைச் சொல்லியிருந்தால் வேலையே ஒழுங்காக நடந்திருக்கும்.

தங்கச்சி, திரும்பவும் அந்த அலுவலகத்துக்குப் போகும்போது சுவரைப் பாருங்கள். தகவல் அலுவலர் யார், மேன்முறையீட்டை யாரிடம் கொடுப்பது, தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவோடு எப்படித் தொடர்பு கொள்வது, கட்டணம் எவ்வளவு என்று எல்லோருக்கும் தெரிகிற இடத்தில் அறிவித்தல் போட்டிருக்க வேண்டும். அது 26ஆம் பிரிவு. அறிவித்தல் இருக்கிறதா இல்லையா என்று எனக்கு எழுதுங்கள். விண்ணப்பத்தில் காரணம் எழுத வேண்டாம், அப்படியே கொடுத்துத் துண்டை வாங்குங்கள். 14 வேலை நாளில் பதில் வராவிட்டால் மேன்முறையீட்டை எப்படி எழுதுவது என்று அடுத்த கிழமை பார்ப்போம்.