வியர்வையிலிருந்து தொடங்குங்கள்

வணக்கம். புதுச்சேரியில் நர்சிங், பிசியோதெரபி, லேப் டெக்னீஷியன் என்று முதலாண்டு சேர்ந்திருக்கும் பிள்ளைகளுக்காகப் பேசச் சொன்னார்கள். அனாட்டமி புத்தகத்தின் தடிமனைப் பார்த்தாலே வயிற்றைக் கலக்கும், 206 எலும்பையும் எப்படி மனப்பாடம் பண்ணுவது என்று. பண்ணத்தான் வேண்டும், தப்பிக்க வழியில்லை. ஆனால் அங்கே ஆரம்பிக்க வேண்டாம் என்பது என் கட்சி. உடம்பு செய்கிற ஏதாவது ஒரு வேலையைப் பிடித்துக்கொண்டு அதன் பின்னாலேயே போங்கள், உறுப்புகள் தானாக வந்து நிற்கும்.

நம்ம ஊருக்கு வியர்வைதான் சரியான பாடம். மே மாதம், மத்தியானம், நேரு வீதியில் நடக்கிறீர்கள். உடம்பின் உள்வெப்பம் சுமார் 37 டிகிரி. அது கொஞ்சம் ஏறினாலே மூளையின் அடியில் இருக்கும் ஹைப்போதலாமஸுக்குத் தெரிந்துவிடும். உடனே தோலின் ரத்த நாளங்கள் விரியும். சாதாரணமாக நிமிடத்துக்கு அரை லிட்டருக்கும் குறைவாகத் தோலுக்குப் போகிற ரத்தம், உடம்பு கடுமையாகச் சூடேறினால் 6, 7 லிட்டர் வரை போகும். ஓய்வில் இருக்கும்போது இதயம் மொத்தமாக அனுப்புவதே நிமிடத்துக்கு 5 லிட்டர் சுமார்தான், அப்படியென்றால் வெயிலில் அது எவ்வளவு கூடுதலாக உழைக்கிறது பாருங்கள். இதய நோய் உள்ள தாத்தாவை மத்தியானம் வெளியே போகவேண்டாம் என்று சொல்வது இதனால்தான்.

அப்புறம் வியர்வைச் சுரப்பிகள். 20 லட்சத்துக்கும் மேல் இருக்கின்றன. ஆனால் வியர்த்தால் மட்டும் உடம்பு குளிராது, அது ஆவியாக வேண்டும். ஒரு லிட்டர் ஆவியானால் கிட்டத்தட்ட 580 கிலோகலோரி வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகும். கடலோரக் காற்றில் ஏற்கெனவே நீராவி நிறைய இருப்பதால் இங்கே ஆவியாவது மெதுவாகிறது, அதனால்தான் இந்தக் கசகசப்பு. வேலூர்க்காரர் 40 டிகிரியில் சமாளிப்பார், இங்கே வந்தால் 36-லேயே புலம்புவார். நெற்றியிலிருந்து சொட்டி விழுந்த வியர்வை குளிர்விக்காமலே போன தண்ணீர், அவ்வளவுதான்.

இப்படித் தண்ணீர் போகப்போக ரத்தத்தில் உப்பின் அடர்த்தி கூடும். அதையும் ஹைப்போதலாமஸ்தான் கவனிக்கிறது. தாகம் எடுக்க வைக்கும், தனக்குக் கீழே இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியின் பின்பகுதி வழியாக, தண்ணீரைச் சேமிக்கச் சொல்லும் ஏடிஹெச் என்ற ஹார்மோனையும் அனுப்பும். ரத்தத்திலிருந்து ஒரு நாளைக்குச் சுமார் 180 லிட்டர் திரவத்தை வடிகட்டும் சிறுநீரகம், அதில் பெரும்பகுதியை எப்போதுமே திரும்ப எடுத்துக்கொள்ளும். இந்த ஹார்மோன் வந்தால் இன்னும் இறுக்கிப் பிடிக்கும். சிறுநீர் குறைந்து அடர்மஞ்சளாகப் போவதற்குக் காரணம் அதுதான், 'சூடு பிடிச்சிருக்கு' என்று வீட்டில் சொல்வார்களே.

சரி, இதே வழியில் அடுத்த கேள்வியை நீங்களே பிடித்துப் பாருங்கள். காய்ச்சலில் உடம்பு கொதிக்கும்போது ஏன் குளிருகிறது, போர்வை கேட்கிறோம்? ஹைப்போதலாமஸ் தன் இலக்கையே 39-க்கு ஏற்றி வைத்துவிட்டால், 38 டிகிரியில் இருக்கும் உடம்பு அதன் கணக்கில் குளிர்ந்த உடம்பு. நடுங்க வைத்துச் சூடேற்றும். அந்த நடுக்கத்தைச் செய்வது எந்தத் தசைகள் என்று தேடிக்கொண்டே போனால், அந்தத் தசைகள் பிடித்திருக்கும் எலும்புகளும் வந்துவிடும்.