பார்வையற்றோர் பள்ளியில் முதல் மாதங்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

பாளையங்கோட்டையில் 1890-ஆம் ஆண்டில் ஆஸ்க்வித் அம்மையார் பார்வையற்ற பிள்ளைகளுக்குக் கற்பிக்கத் தொடங்கினார். இன்றும் தமிழ்நாட்டில் இத்தகைய சிறப்புப் பள்ளிகள் பெரும்பாலும் விடுதியோடு சேர்ந்தவையே. ஆகவே, சிறு வயதில் அங்கே வந்து சேரும் பிள்ளை எழுத்தோடு ஓர் இடத்தையும் கற்க வேண்டியிருக்கிறது. பார்வையில்லாத மாணவனாக அப்படியொரு விடுதியில் வளர்ந்து, பின்னர் ஆசிரியராகவும் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: பிள்ளைகள் விரைவில் பழகிவிடுகிறார்கள், பார்வையுள்ள ஆசிரியர்களுக்குத்தான் நாளாகிறது.

முதல் சில நாள் அழுகை ஓய்ந்ததும், மூத்த மாணவன் ஒருவனின் முழங்கையைப் பற்றி நடந்தே, குழாயடியின் ஈரத்தையும் சமையற்கட்டின் மணத்தையும் நடையில் காலடி ஓசை மாறும் இடத்தையும் பிள்ளை மனத்தில் பதித்துக்கொள்கிறது. அதன் பிறகு அதற்குப் பகை பாதி திறந்த கதவு ஒன்றுதான். முழுதும் மூடிய கதவைக் கை கண்டுகொள்ளும். பாதி திறந்த கதவின் விளிம்போ நீட்டிய இரண்டு கைகளுக்கும் நடுவே புகுந்து நெற்றியில் மோதும். என் புருவத்தில் அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது.

பார்வையுள்ள ஆசிரியர் புதிதாக வரும்போது, "இதையும் அதையும் கூட்டினால்" என்று பலகையைச் சுட்டுவார். மாணவன் கேட்ட கேள்விக்குத் தலையை மட்டும் அசைப்பார். பையன் பதிலுக்குக் காத்துக்கொண்டே இருப்பான். விரலால் தடவிப் படிக்கும் புள்ளி எழுத்தான பிரெய்லியும் அவரை எளிதில் விடாது. சிலேட் எனப்படும் துளைச் சட்டத்தில் தாளைப் பொருத்தி, வலமிருந்து இடமாகப் புள்ளிகளைக் குத்திக்கொண்டு போய், தாளைத் திருப்பி இடமிருந்து வலமாகப் படிக்க வேண்டும். அச்சில் 'கெ' என்று எழுதக் கொம்பை முதலில் போட்டுப் பழகியவருக்கு, இங்கே ககரம் முன்னும் எகரம் பின்னுமாக, ஒலிக்கும் வரிசையிலேயே புள்ளிகள் வருவது தடுமாற்றமாக இருக்கும். கொம்பையே அறியாத பிள்ளைக்கு அந்தத் தொல்லை இல்லை.

என்னுடன் பணியாற்றிய கணக்கு ஆசிரியர் ஒருவர், முதலில் ஓசைப்படாமல் வந்து என் மேசையருகே நிற்பார். அறைக்குள் வரும்போதும் வெளியேறும்போதும் குரல் கொடுக்க வேண்டும் என்பது அவருக்குப் பழக ஒரு பருவம் ஆயிற்று. பிறகு சொந்த வீட்டுக்குள்ளும் அவர் தம் பெயரைச் சொல்லிக்கொண்டே நுழைவதாக, அவருடைய மனைவி என்னிடம் சொல்லிச் சிரித்தார்.