இதயத்துக்கு மாத்திரையா, காய்கறியா?

அனைவருக்கும் வணக்கம். மருந்துக்கடையில் 'ஆன்டிஆக்ஸிடன்ட்', அதாவது ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும் சத்து, என்று அச்சடித்த டப்பா ஒன்றை வாங்கிவிட்டால் மாரடைப்பு கிட்டேயே வராது என்று நம்புகிறவர்கள் நம்மில் நிறையப் பேர். விலை ஏற ஏற நம்பிக்கையும் ஏறுகிறது!

இரத்தத்தில் ஓடும் எல்.டி.எல். என்னும் கெட்ட கொழுப்பு, தமனியின் உட்சுவருக்குள் புகுந்து ஆக்சிஜனேற்றம் அடைகிறது. வெள்ளையணுக்கள் அதை விழுங்கி விழுங்கி, நுரை மாதிரி உப்பி அங்கேயே தங்கிவிடுகின்றன. படிவு இப்படித்தான் வளர்கிறது. ஒருநாள் அதன் மேல்மூடி கிழிந்தால், அந்த இடத்தில் இரத்தம் உறைந்து குழாயை அடைக்கும். அப்படியானால் ஆக்சிஜனேற்றத்தைத் தடுத்தால் போதுமே என்று ஆராய்ச்சியாளர்களே ஒரு காலத்தில் நினைத்தார்கள்.

நினைத்தது நடக்கவில்லை. பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேரிடம் வைட்டமின் ஈ, பீட்டா கரோட்டின் என்ற இரண்டு ஆன்டிஆக்ஸிடன்ட் மாத்திரைகளைச் சோதித்தார்கள். 1994-இல் முடிவு வந்தது. பீட்டா கரோட்டின் எடுத்தவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் கூடியிருந்தது. 2000-இல் வெளியான ஹோப் என்ற இன்னொரு ஆய்வில், வைட்டமின் ஈ நாலரை ஆண்டு கொடுத்தும் மாரடைப்பு குறையவில்லை.

சரி, சாப்பாடு? சுவீடனில் 49 முதல் 83 வயது வரை, இதய நோய் இல்லாத 32,561 பெண்களிடம் 1997-இல் என்னென்ன சாப்பிடுகிறீர்கள் என்று எழுதி வாங்கி, சுமார் பத்தாண்டு கவனித்தார்கள். 1,114 பேருக்கு மாரடைப்பு வந்தது. உணவில் ஆன்டிஆக்ஸிடன்ட் மிக அதிகமாக இருந்த பிரிவினருக்கு, மிகக் குறைந்தவர்களைவிட அந்த ஆபத்து 20 சதவீதம் குறைவு. அப்படி என்ன சாப்பிட்டார்கள்? பழம், காய், முழுத்தானியம், காபி. (காபி என்றதும் முன்வரிசையில் முகங்கள் மலர்கின்றன. சர்க்கரையை நான் சொல்லவில்லை.)

காய்கறி நிறையச் சாப்பிடுகிறவர் பெரும்பாலும் புகைக்க மாட்டார், நடக்கவும் செய்வார். அதையெல்லாம் கழித்துத்தான் கணக்குப் போட்டார்கள். ஆனாலும் இந்த வகை ஆய்வு காரணத்தை நூற்றுக்கு நூறு நிரூபிக்காது. என்னைக் கேட்டால், ஒரே ஒரு சத்தைப் பிரித்து மாத்திரையில் அடைக்கும்போது நார்ச்சத்து, பொட்டாசியம் எல்லாம் வெளியே நின்றுவிடுகின்றன.

ஒரு சீட்டு வந்திருக்கிறது: "செயற்கை வால்வு வைத்திருக்கிறேன், தினமும் கீரை சாப்பிடலாமா?" நல்ல கேள்வி. செயற்கை வால்வில் இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின், அசிட்ரோம் போன்ற மாத்திரை போடுகிறவர்கள் கீரையைத் திடீரென்று கூட்டவும் வேண்டாம், நிறுத்தவும் வேண்டாம். அதிலுள்ள வைட்டமின் கே அந்த மாத்திரைக்கு எதிராக வேலை செய்யும். அளவை ஒரே சீராக வைத்துக்கொண்டு, இரத்தம் உறையும் வேகத்தைப் பார்க்கும் அடுத்த ஐ.என்.ஆர். பரிசோதனையின்போது டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.